முயல் வளர்க்கும் வீட்டார் கவனத்திற்கு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

பெருநாள் காசு கையில் சேர்ந்ததும் பிள்ளைகள் கேட்கும் பொருள்களில் இப்போது முயலும் சேர்ந்துவிட்டது. கடைகளில் கம்பிக் கூண்டுக்குள் வெள்ளையும் சாம்பலுமாய் உட்கார்ந்திருக்கும் குட்டிகளைக் கண்டால் பெரியவர்களுக்கே மனம் இளகும். பிள்ளை அடம் பிடிக்க, வாப்பா விலை பேசி வாங்க, அட்டைப் பெட்டியில் துளையிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள். அதன் பிறகு என்ன செய்ய வேண்டுமென்பது பல வீடுகளில் எவருக்கும் தெரிவதில்லை. ஒரு கேரட்டும் ஒரு கிண்ணம் சோறும் வைத்தால் போதும் என்று எண்ணுகிறார்கள். சில வாரங்கள் சென்று ஒரு காலையில் அது விறைத்துக் கிடக்கும். ‘அதன் ஹயாத்து அவ்வளவுதான்’ என்று சொல்லிப் புதைத்துவிட்டு, பிள்ளையின் அழுகையை அடக்க வேறொன்றை வாங்கி வருகிறார்கள்.

ஹயாத்தும் மௌத்தும் அல்லாஹ்வின் கையில் உள்ளன என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் நாம் செய்யத் தவறிய கடமைக்கு விதியைக் காட்டி விலகிக்கொள்ள மார்க்கம் இடம் தருகிறதா? முதன்முறையாக வீட்டுக்குள் முயல் வளர்ப்போர் முதலில் தெளிய வேண்டிய கேள்வி இதுதான்.

வளர்ப்பது ஆகுமா?

ஆகும். முயல் ஹலாலான பிராணி. மக்காவுக்கு அருகிலுள்ள மர்ருள் ளஹ்ரான் என்னுமிடத்தில் ஸஹாபாக்கள் ஒரு முயலைத் துரத்திக் களைத்துப்போனதும், இளைஞராயிருந்த அனஸ் (ரலி) அவர்கள் அதைப் பிடித்து அபூ தல்ஹா (ரலி) அவர்களிடம் கொடுத்ததும், அவர்கள் அதை அறுத்து அதன் தொடைப் பகுதியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அனுப்ப, நாயகம் அதை ஏற்றுக்கொண்டதும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளன. ஷாபிஈ, ஹனபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் இதில் கருத்து வேறுபாடு இல்லை.

உண்பதற்கன்றி, பிள்ளைகளின் மகிழ்ச்சிக்காக வைத்துக்கொள்ளலாமா என்றால், அதற்கும் அனஸ் (ரலி) அவர்களின் குடும்பத்திலேயே முன்மாதிரி உண்டு. அவர்களுடைய தாய்வழித் தம்பி அபூ உமைர் ஒரு சிறு குருவியை வளர்த்து வந்தார். அது இறந்தபோது வாடியிருந்த அச்சிறுவரிடம் நாயகம் (ஸல்) அவர்களே குருவியைப் பற்றி விசாரித்து அவர் மனத்தை ஆற்றினார்கள். இந்த ஒரு ஹதீதிலிருந்து 60க்கும் மேற்பட்ட விளக்கங்களை எடுத்து ஷாபிஈ மத்ஹபின் அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) தனி நூலே எழுதினார்கள். துன்புறுத்தாமல், தீனி குறைக்காமல் பேணினால் பிள்ளைகள் பிராணி வைத்துக்கொள்ளலாம் என்பது உலமாக்கள் இதிலிருந்து பெற்ற சட்டங்களில் ஒன்று.

ஆனால் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். நம் வயல்வரப்புகளிலும் புதர்க்காடுகளிலும் ஓடும் முயல் வேறு; கடையில் கிடைக்கும் முயல் வேறு. காட்டு முயலின் குட்டி ரோமத்துடனும் திறந்த கண்களுடனும் பிறக்கும். கடை முயல் ஐரோப்பியக் காட்டு இனத்திலிருந்து மனிதனால் பழக்கப்பட்டது. அதன் குட்டி ரோமமின்றி, கண் மூடிய நிலையில் பிறக்கும். வரப்பில் கண்ட குட்டியைப் பிள்ளைகள் தூக்கி வந்தால், எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடச் சொல்லுங்கள். குஞ்சுகளை இழந்து சிறகடித்து வந்த பறவையைக் கண்டு, அவற்றைத் தாயிடம் திருப்பி வைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை அபூ தாவூதில் காண்கிறோம். காட்டு முயலைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படியும் குற்றம்.

அடைத்தவர் மீதே பொறுப்பு

பூமியில் ஊரும் எந்த உயிருக்கும் உணவளிப்பது தன் பொறுப்பென்று ஹூத் அத்தியாயத்தின் 6ஆவது வசனத்தில் அல்லாஹு தஆலா அறிவிக்கிறான். வெளியில் திரியும் பிராணி அந்த ரிஸ்கைத் தானே தேடிச் செல்கிறது. அதை நாம் பிடித்துக் கதவைச் சாத்தினால் தேடும் வழியை அடைத்தவர்கள் ஆகிறோம். அன்று முதல் அதன் ரிஸ்கு நம் கை வழியாகவே போய்ச் சேர வேண்டும்.

பூனையை அடைத்து வைத்துச் சாகவிட்ட பெண் வேதனைக்குள்ளான வரலாற்றை நாம் அனைவரும் பயானில் கேட்டிருக்கிறோம். அவள் பூனையை அடித்ததாகவோ வதைத்ததாகவோ அதில் இல்லை. தானும் தீனி கொடுக்கவில்லை, பூமியிலுள்ளதைத் தின்று பிழைத்துக்கொள்ள அவிழ்த்துவிடவும் இல்லை என்பதே அவள் மீதுள்ள குற்றம். பூனையை வைத்திருப்பவருக்கு இரண்டு வழிகள் இருந்தன என்பது இதில் விளங்குகிறது. ஒன்று, தீனி போடுவது. மற்றொன்று, விட்டுவிடுவது.

முயல் வளர்ப்பவருக்கோ இரண்டாவது வழி கிடையாது. கூண்டில் பிறந்து வளர்ந்த முயலைத் தோப்பிலோ பூங்காவிலோ விட்டால் நாயும் பூனையும் காகமும் அதை விட்டுவைக்காது. ஒளிந்துகொள்ளும் வளையும் அதற்கு அங்கில்லை. ‘பாவம், சுதந்திரமாக இருக்கட்டும்’ என்று விட்டு வருவதைக் கருணை என்று சொல்ல முடியாது. ஆகவே கடமை முழுவதும் முதல் வழியிலேயே வந்து நிற்கிறது.

பிராணிக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது வாஜிப் என்பது பிக்ஹு நூல்களில் தெளிவாக உள்ளது. கொடுக்க மறுப்பவரை, ஒன்று தீனி கொடு, அல்லது விற்றுவிடு, உண்ணத்தக்கதாயின் அறுத்துவிடு என்று அதிகாரியே கட்டாயப்படுத்த வேண்டும் என்பது ஷாபிஈ சட்டம். ஹனபி மத்ஹபில் இமாம் அபூ யூஸுப் (ரஹ்) அவர்களும் கட்டாயப்படுத்தலாம் என்றே கூறினார்கள். கட்டாயப்படுத்த முடியாது என்று கூறியோரும், அவர் அல்லாஹ்விடம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதை மறுக்கவில்லை. எனவே நம்மால் முடியாத நிலை வந்தால், நன்கு பேணக்கூடியவரிடம் ஒப்படைப்பதே வழி. நல்ல பராமரிப்பில் முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழும். இன்று மூன்றாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை கல்லூரிக்குப் போகும் வரை அது வீட்டில் இருக்கக்கூடும். பிள்ளை சலித்துப்போனாலும் கடமை வாங்கிக் கொடுத்த பெரியவர் மீது நிற்கிறது. இதை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

எதைக் கொடுப்பது?

தீனி கொடுப்பது கடமை என்றால், எது அதன் தீனி என்று அறிவதும் கடமையாகிறது. பசித்தவருக்கு மண்ணைக் கொடுத்துவிட்டு உணவளித்தேன் என்று சொல்ல முடியாதல்லவா?

முயலின் உணவு புல். பச்சைப் புல்லும் உலர்ந்த புல்லுமே அதன் உணவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இருக்க வேண்டும். இரவும் பகலும் அது எட்டும் இடத்தில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். இதற்குக் காரணங்கள் இரண்டு. முயலின் பற்கள் சாகும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் ஓராண்டில் 10 சென்டிமீட்டருக்கும் மேல் வளரக்கூடியவை. நார் மிகுந்த புல்லை அரைத்து மெல்லும்போதுதான் அவை தேய்ந்து அளவாக நிற்கும். சோற்றையும் பிஸ்கட்டையும் தின்னும் முயலுக்குப் பல் நீண்டு கன்னத்தையும் நாக்கையும் குத்தும். பசியிருந்தும் தின்ன முடியாமல் நிற்கும். மற்றொரு காரணம் குடல். நார் உள்ளே சென்றுகொண்டிருந்தால்தான் முயலின் குடல் இயங்கும். நின்றால் வாயு நிறைந்து வயிறு உப்பும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது.

அருகம்புல் மிக நல்லது. சாலையோரப் புகையும் பூச்சிமருந்தும் படாத இடத்தில் அறுத்துக் கழுவிக் கொடுங்கள். மிகுதியை நிழலில் உலர்த்திச் சேமியுங்கள். குதிரைமசால் சத்து மிகுந்தது, ஆனால் சுண்ணாம்புச் சத்து அதில் அதிகம். 6 மாதத்திற்கு உட்பட்ட குட்டிக்குக் கொடுக்கலாம், வளர்ந்ததற்குச் சிறிதே போதும். கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, கேரட் தழை ஆகியவற்றை ஒரு கைப்பிடி அளவு மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். கடையில் விற்கும் முயல் தீவனம் வளர்ந்த முயலுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேல் வேண்டாம். வைக்கோல் படுக்கைக்கு ஆகும், புல்லுக்கு ஈடாகாது.

படங்களில் முயலென்றால் கேரட்டைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கேரட்டில் இனிப்பு அதிகம். ஒரு சிறு துண்டு எப்போதாவது கொடுத்தால் போதும், வாழைப்பழமும் அப்படியே. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, தக்காளிச் செடியின் இலை, சாக்லேட், ரொட்டி, முறுக்கு, பிரியாணிச் சோறு இவற்றில் எதுவும் ஆகாது. விருந்தாளிப் பிள்ளைகள் வரும் நாளில் இதில் கூடுதல் கவனம் வேண்டும். எந்தப் புது உணவையும் சிறிது சிறிதாகவே பழக்க வேண்டும். வாங்கி வந்த முதல் வாரத்தில் கடையில் தின்ற அதே தீனியைக் கேட்டறிந்து தொடர்வது நன்று.

தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். கிலோ எடைக்கு 50 முதல் 150 மில்லி வரை ஒரு நாளில் குடிக்கும். கவிழாத கனமான மண் கிண்ணம் சிறந்தது. காலையும் மாலையும் மாற்றுங்கள்.

முயல் பகலில் பெரும்பாலும் படுத்திருக்கும். விடியும் வேளையிலும் அந்தி வேளையிலும் துள்ளி ஓடும். நமக்கோ பஜ்ருக்கும் மஃரிபுக்கும் எழுந்து நடமாடும் வழக்கம் உண்டு. அவ்விரு தொழுகையையும் அடுத்துத் தீனியும் தண்ணீரும் வைப்பதென்று வழக்கப்படுத்திக்கொண்டால் மறதிக்கு இடமிராது. ரமலானில் ஸஹருக்கு எழும் வீட்டில் அதற்கும் ஒரு பிடி புல் வையுங்கள். நோன்பு நமக்குத்தான்.

எங்கே வைப்பது?

கடைக்காரர் கொடுக்கும் சிறு கம்பிக் கூண்டு முயலுக்கு வீடாகாது. பிரிட்டனில் முயல் நலம் பேணுவோர் ஒரு ஜோடிக்கு 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள இடம் வேண்டும் என்கிறார்கள். நம் வீடுகளில் அவ்வளவு இல்லாவிட்டாலும், ஓர் அறையின் மூலையைத் தடுத்து, நான்கு துள்ளல் துள்ளும் அளவு இடம் கொடுத்து, நாள்தோறும் சில மணி நேரம் கண்காணிப்பில் உலவவிடலாம். ஒளிந்துகொள்ள இருபுறமும் வழியுள்ள ஓர் அட்டைப் பெட்டி அவசியம். பயப்படும் பிராணி அது. ஒளிய இடமில்லாவிட்டால் அதற்கு நிம்மதியே இல்லை.

முயலின் பாதத்தில் பூனைக்கு உள்ளதுபோல் மெத்தையில்லை, ரோமம் மட்டுமே உண்டு. கம்பித் தரையில் நின்றால் குதிகால் புண்ணாகும். மொசைக், டைல்ஸ் தரையில் வழுக்கும். ஆகவே கோரைப்பாயோ பழைய சணல் சாக்கோ விரித்துவிடுங்கள். மின்கம்பி கண்ணில் பட்டால் கடித்துவிடும். அதை உயர்த்திக் கட்டுங்கள். வெள்ளி இரவில் சாம்பிராணி போடும் வீடுகளில் அப்புகை எட்டாத அறையில் முயலை வையுங்கள். அதன் மூச்சுக்குழல் மிக மென்மையானது.

நம் ஊர் வெயில் முயலுக்குப் பெரும் சோதனை. மத்திய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையம் தன் தென்மண்டல மையத்தில் முயல் வளர்ப்பது கொடைக்கானல் மலையில் உள்ள மன்னவனூரில் என்பதைக் கொண்டே, அப்பிராணி விரும்பும் குளிர்ச்சியை உணரலாம். முயலுக்கு வியர்வை வெளியேறாது. காது வழியாகவே பெரும்பாலும் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வெப்பம் 30 பாகையைத் தாண்டினால் ஆபத்து. மொட்டைமாடிக் கூண்டும் தகரக் கொட்டகையும் சித்திரை, வைகாசியில் அதற்குச் சவக்குழியே. வீட்டில் குளிர்ந்த அறையில் வையுங்கள். உறைய வைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வையுங்கள். வாய் திறந்து மூச்சிரைத்தால் காதுகளை ஈரத் துணியால் தடவி, உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். பனிநீரில் முக்கக் கூடாது.

தூக்கும் முறையைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. முயலின் முதுகெலும்பு மெல்லியது. பின்கால் தொங்கினால் உதைத்துத் தானே முதுகை முறித்துக்கொள்ளும். ஒரு கையை நெஞ்சுக்கடியிலும் மறு கையைப் பின்புறத்திலும் கொடுத்து மார்போடு அணைக்க வேண்டும். சிறு பிள்ளைகள் தரையில் அமர்ந்து தடவினால் போதும். மல்லாத்திப் போட்டால் அசையாமல் கிடப்பது உறக்கமல்ல, அச்சம்.

தொழும் வீட்டில் முயல்

இனி, நமது தாய்மார்கள் அதிகம் கேட்கும் சுத்தத்தைப் பற்றிய மஸ்அலாக்கள்.

1. உயிருள்ள முயலின் உடல் சுத்தமானது. அதைத் தொட்டதால் உளூ முறியாது. அது வாய் வைத்த தண்ணீரும் நஜீஸாகாது.

2. உதிர்ந்த ரோமம் இரு மத்ஹபிலும் சுத்தமானதே. முஸல்லாவில் ரோமம் ஒட்டியிருந்தால் தொழுகை வீணாகாது. எனினும் தட்டிவிட்டு விரிப்பது நல்லது.

3. ஷாபிஈ மத்ஹபில் முயலின் சிறுநீரும் புழுக்கையும் நஜீஸ். ஹனபி மத்ஹபில் அதன் சிறுநீர், இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்களின் கூற்றுப்படி, இலேசான நஜீஸ் வகையைச் சேர்ந்தது. புழுக்கையில் இமாம்களிடையே வேறுபாடு உண்டு. எதுவாயினும் கழுவிவிடுவதே பேணுதல்.

4. உலர்ந்த புழுக்கை உலர்ந்த பாயில் கிடந்தால் எடுத்தெறிந்தால் போதும். ஈரம் இல்லாதபோது நஜீஸ் ஒட்டாது.

5. தரையில் சிறுநீர் கழித்தால், ஈரத் துணியால் அப்படியே துடைத்து எங்கும் பரப்பக் கூடாது. முதலில் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, பின்பு சுத்தமான தண்ணீரை அவ்விடத்தில் ஊற்றி, நிறமும் வாடையும் போகக் கழுவ வேண்டும்.

6. சுத்தம் என்று கருதி முயலைக் குளிப்பாட்டாதீர்கள். நனைந்தால் அது எளிதில் உலராது. அச்சத்திலேயே இறந்துவிடவும் கூடும். அழுக்குப் பட்ட இடத்தை மட்டும் துடைத்துவிடுங்கள். அது பூனையைப் போலத் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும்.

முயல் பெரும்பாலும் ஒரே மூலையில் கழிக்கும் இயல்புள்ளது. அந்த மூலையில் அகன்ற பேசின் ஒன்றில் காகிதமும் மேலே உலர்புல்லும் பரப்பி வைத்தால், தின்றுகொண்டே அங்கேயே கழிக்கப் பழகிவிடும். நாள்தோறும் மாற்றுங்கள். தொழும் அறையை மட்டும் தனியே காத்துக்கொண்டால் தொல்லையில்லை. முயலைத் தொட்ட பின் பிள்ளைகள் கை கழுவட்டும். படர்தாமரை முயலிடமிருந்து பிள்ளைகளுக்குத் தொற்றக்கூடியது.

புழுக்கை சொல்லும் செய்தி

நோயை வெளிக்காட்டாமல் மறைப்பது முயலின் இயல்பு. காட்டில் நோயுற்றதென்று தெரிந்தால் வேட்டை மிருகம் அதைத்தான் முதலில் பிடிக்கும். அதனால் ‘நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது’ என்ற சொல் முயல் செத்த வீடுகளில் எப்போதும் கேட்கிறது. நன்றாக இருக்கவில்லை, நாம் பார்க்கவில்லை.

பார்ப்பதற்கு எளிய வழி உண்டு. நல்ல முயல் நாளொன்றுக்கு 200, 300 புழுக்கைகள் போடும். உருண்டையாக, ஒரே அளவாக, உலர்ந்திருக்கும். பஜ்ருக்குப் பின் பேசினைச் சுத்தம் செய்யும்போது எண்ணிக்கையும் அளவும் குறைந்திருந்தால் அன்றே கவனியுங்கள். 12 மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அது உயிருக்கு ஆபத்து. விடியட்டும் என்று காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். நஜீஸை அகற்றும் அந்த ஒரு வேலையிலேயே அதன் உயிரைக் காக்கும் வேலையும் அடங்கியிருக்கிறது.

திராட்சைக் குலைபோன்ற மென்மையான ஒருவகைப் புழுக்கையை முயல் தன் வாயாலேயே எடுத்துத் தின்னும். அருவருத்து அடிக்காதீர்கள், அதில்தான் அதற்கு வேண்டிய சத்து உள்ளது. அதன் படைப்பே அவ்வாறு. சிறுநீர் சில நாள் சிவப்பாக இருப்பது இலையின் சாயத்தாலும் ஆகலாம். ஆனால் முக்கி முனகிக் கழித்தாலோ, இரத்தத் துளி தென்பட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். பின்புறம் அழுக்காயிருந்தால் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைக்கும்; நாள்தோறும் தூக்கிப் பாருங்கள்.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. வீட்டிலுள்ள மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். பென்சிலின், அமாக்சிசிலின் போன்ற மருந்துகளை வாய்வழி கொடுத்தால் முயலின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயல் இறந்துவிடும். நாய்க்குத் தடவும் உண்ணி மருந்திலும் முயலுக்கு நஞ்சானவை உண்டு.

ஒன்றா, இரண்டா?

முயல் கூட்டத்தில் வாழும் பிராணி, தனிமையில் வாடும். எனினும் ஆணும் பெண்ணுமாக ‘ஜோடி’ வாங்குவோர் கணக்குப் பார்க்க வேண்டும். பெண் முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாட்கள்தான். குட்டி போட்ட அன்றே மீண்டும் சினையாகவும் கூடும். ஓராண்டில் வீடு நிறைந்துவிடும்; அத்தனைக்கும் கடமை நம்மீது. நான்கு மாதத்திற்குள் இனப்பெருக்கத்திற்கு ஆயத்தமாகிவிடுவதால், மூன்று மாதம் ஆனதும் ஆணையும் பெண்ணையும் பிரித்துவிட வேண்டும். வயதேறிய பெண் முயல்களுக்குக் கருப்பைப் புற்று மிக அதிகம் என்பதால் மருத்துவர்கள் அறுவை செய்யச் சொல்வதுண்டு. மலடாக்குவதில், பயன் இருந்தால் ஹனபி நூல்கள் அனுமதிக்கின்றன. ஷாபிஈ நூல்களில் கட்டுப்பாடு அதிகம். மருத்துவர் சொல்லும் காரணத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் எடுத்துச் சொல்லி முடிவு செய்யுங்கள்.

ஊருக்குப் போகும்போது இரண்டு நாள் தீனியை வைத்துப் பூட்டிவிட்டுச் செல்வது கூடாது. பக்கத்து வீட்டாரிடமோ உறவினரிடமோ, என்ன கொடுக்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி ஒப்படைத்துச் செல்லுங்கள்.

அன்பர்களே! அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தில் நாயகம் (ஸல்) அவர்களைக் கண்டதும் ஓர் ஒட்டகம் கண்ணீர் வடித்தது. தன் சொந்தக்காரர் பசியில் போட்டு வருத்துவதை அது அவர்களிடம் முறையிட்டது. நாயகமும் அவரை அழைத்துக் கண்டித்தார்கள். நம் வீட்டு மூலையில் இருக்கும் முயல் வலித்தாலும் கத்தாது, பசித்தாலும் கூப்பிடாது. அது சொல்லாமல் விடுவதையும் அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. கேட்கும் நாளில் அவன் நம்மிடம் கேட்பான். தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவரின் பாவத்தை மன்னித்தவனும் அவனே. உங்கள் பிள்ளை பஜ்ருக்கு எழுந்து ஒரு பிடி புல்லும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைக்கப் பழகினால், அமானிதம் என்றால் என்னவென்று அதற்கு வேறு பாடம் நடத்த வேண்டியதில்லை.

நம் பொறுப்பில் விடப்பட்ட வாயில்லா ஜீவன்களின் ஹக்கைப் பேணி நடக்க வல்ல ரஹ்மான் நமக்குத் தௌபீக் செய்வானாக! ஆமீன்.